மூக்கின் தீர்ப்பு

மதுரை மல்லியின் மணத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் இண்டோல் என்றொரு வேதிப்பொருள் கிடைக்கும். மலத்தின் நாற்றத்துக்குக் காரணமான பொருள்களிலும் இதே இண்டோல் உண்டு. பூவில் இருப்பதும் மலத்தில் இருப்பதும் அணுவுக்கு அணு ஒரே மூலக்கூறு. பூவில் பென்சைல் அசிடேட், லினலூல் என்று இனிய மணப்பொருள்கள் நிறைய இருக்க, இண்டோல் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை எடுத்துவிட்டால் மல்லி மல்லியாக மணக்காது. கனமில்லாத வெறும் இனிப்பாகிவிடும். அத்தர் வடிப்பவர்களும் சென்ட் தயாரிப்பவர்களும் இதை நன்றாக அறிவார்கள். காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் உதிரி மொட்டாக வாங்கி, மாலையில் தொடுத்துத் தலையில் வைத்த சரத்தை மறுநாள் காலை தலையணையிலிருந்து எடுத்து முகர்ந்து பாருங்கள். பழுப்பேறிய இதழ்களில் இனிப்பு மெலிந்து, அடியில் கிடந்த ஒரு கனத்த வாடை மேலேறியிருக்கும். முந்தின இரவு கிறங்க வைத்ததும் அதே பூதான்.

அப்படியானால் இனிமையும் அருவருப்பும் எங்கே இருக்கின்றன? பொருளிலா, மூக்கிலா, மனத்திலா? முகர்வைப் பற்றிக் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிறது. கண்ணும் காதும் முதலில் செய்தி சொல்கின்றன. மூக்கு முதலிலேயே தீர்ப்பு சொல்லிவிடுகிறது. யோசனைக்கு முன்னால் வந்து நிற்பதால் அந்தத் தீர்ப்பைப் பொருளின் குணமென்றே நம்பிவிடுகிறோம். உண்மையில் அதில் பெரும்பகுதி நாம் வாழ்ந்த வாழ்க்கை எழுதியது. எழுதியதைத் திருத்தவும் முடியும்.

மூக்கின் உள்ளே, இரு கண்களுக்கும் நடுவே, சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. பல லட்சம் நரம்புச் செல்கள் அதில் நுனி நீட்டி நிற்கின்றன. மூளைக்கு நேரே இழை அனுப்பும் நரம்புச் செல்கள் இப்படி வெளிக்காற்றில் படும்படி நிற்பது இங்கேதான். தூசியும் புகையும் கிருமியும் தாக்கி அவை அழிந்துகொண்டே இருக்கும். அடியிலிருந்து புதியவை முளைத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு செல்லும் ஒரு வகை ஏற்பிப் புரதத்தைத் தாங்கியிருக்கிறது. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் அமெரிக்காவில் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் கண்டுபிடித்தார்கள். 2004இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதரிடம் வேலை செய்யும் ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை. சுண்டெலியிடம் ஆயிரத்துக்கும் மேல். ஒரு மணப்பொருள் பல ஏற்பிகளைக் கிளப்பும். ஓர் ஏற்பி பல மணப்பொருள்களுக்கு இசைந்து கொடுக்கும். எவையெல்லாம் சேர்ந்து கிளம்பின என்ற கூட்டைப் பார்த்துத்தான் மூளை இது காபி, இது கருவாடு என்று அறிகிறது.

அறிகிற வழியில்தான் விசேஷம். பார்வையும் ஒலியும் தொடுதலும் மூளையின் நடுவிலுள்ள தலாமஸில் முதலில் இறங்கி, அங்கிருந்துதான் மேல்மூளைக்குப் போகின்றன. மணம் அங்கே இறங்குவதில்லை. மூக்கின் கூரையிலுள்ள எலும்பின் நுண்துளைகள் வழியாக நரம்பிழைகள் ஏறி முகர்வுக் குமிழை அடைகின்றன. அங்கிருந்து கிளம்பும் இழைகளில் ஒரு பகுதி நேரே அமிக்டலாவுக்குப் போகிறது. அச்சம், விருப்பு, வெறுப்பு ஆகியவற்றைக் கையாளும் பகுதி அது. நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸ் அதை ஒட்டியே இருக்கிறது. பெயர் தெரிவதற்கு முன்பே பிடித்தமும் பிடிக்காமையும் தெரிந்துவிடுவதற்கு இந்தக் குறுக்குவழி ஒரு முக்கியக் காரணம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2003இல் அளந்து பார்த்தார்கள்: கெட்ட வாடை பட்டால் 0.16 நொடிக்குள் மூச்சிழுப்பு தானாகக் குறைந்துவிடுகிறது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், கெட்ட வாடைக்கான சமிக்ஞை முகர்வுக் குமிழிலேயே தொடங்கிவிடுவதும் உடல் தன்னையறியாமல் பின்னே சாய்வதும் பதிவாயின.

இவ்வளவு அவசரத்துக்குக் காரணம் உண்டு. கெட்டுப்போன கறியையும் பற்றி எரியும் துணியையும் கண்ணை முந்திக்கொண்டு கண்டுபிடிப்பது மூக்குதான். எரிவாயுவுக்குத் தனக்கென்று சொல்லும்படி மணம் கிடையாது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில், தரைக்கடியில் கசிந்து தேங்கிய இயற்கை எரிவாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். கசிந்ததை ஒருவர் மூக்கும் காட்டிக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றப்பொருள் கலப்பதை அங்கே சட்டமாக்கினார்கள். நம் வீட்டு சிலிண்டரில் கலப்பது எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம். அடுப்படியில் அந்த நெடி வந்ததும் பாதித் தூக்கத்திலும் எழுந்து ஓடுகிறோமே, அந்த அருவருப்பு எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் வெறுப்பு பிறவியிலேயே வருவதா? ஓரளவுக்கு ஆம். 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் உலகின் ஒன்பது வெவ்வேறு சமூகங்களைச் சேர்ந்த 225 பேரிடம் பத்து மணங்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். மலேசிய, தாய்லாந்துக் காடுகளில் வேட்டையாடி வாழ்பவர்கள், ஈக்வடார் மலைவாசிகள், நகரவாசிகள் என்று பலதரப்பட்டவர்கள். மொத்தத்தில் எல்லாருக்கும் பிடித்தது வெனிலா மணம் தரும் வெனிலின். கடைசியில் வந்தது ஐசோவாலரிக் அமிலம். நாள் முழுக்க ஷூவுக்குள் புழுங்கிய காலின் வாடை. கணக்குப் போட்டபோது வேறுபாட்டில் 41 சதவீதத்தை மூலக்கூறின் தன்மையும், வெறும் 6 சதவீதத்தைச் சமூகமும் விளக்கின. மீதி ஏறத்தாழ 54 சதவீதம் ஆளுக்கு ஆள் மாறுவது. பத்திரிகைகள் பலவும் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு, மணத்தின் இனிமை உலகப் பொது என்று எழுதின. எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி எண். பாதிக்கு மேல் அந்தந்த மனிதரின் சொந்தக் கணக்கு. மரபணு வேறுபாடும் அதில் அடங்கும், வாழ்ந்த வாழ்க்கையும் அடங்கும்.

அந்த வாழ்க்கை கருப்பையிலேயே தொடங்கிவிடுகிறது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் சோம்பு போன்ற மணமுள்ள அனிஸ் விதை சேர்த்த மிட்டாயும் பிஸ்கட்டும் சாதாரணமாகப் புழங்குபவை. பெனுவா ஷால் என்ற ஆய்வாளரின் குழு 2000இல் ஒரு சோதனை நடத்தியது. பேறுகாலத்தின் கடைசி நாள்களில் அவற்றைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகள், பிறந்த சில மணி நேரத்துக்குள் அனிஸ் மணத்தை நோக்கித் தலை திருப்பி வாயைச் சப்பின. சாப்பிடாத தாய்மாரின் குழந்தைகள் முகம் சுளித்தன, அல்லது சும்மா இருந்தன. இரு கூட்டத்துக் குழந்தைகளும் அதற்குமுன் வெளிக்காற்றில் அனிஸை முகர்ந்ததே இல்லை. தாய் தின்றதன் மணம் பனிக்குட நீரில் கலந்து, குழந்தை அதையே விழுங்கியும் முகர்ந்தும் வளர்ந்திருக்கிறது. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லா கேரட் சாற்றை வைத்து 2001இல் இதையே காட்டினார். பூண்டுக் குழம்பும் பத்தியச் சாப்பாடும் தாயின் உடம்புக்கு மட்டும் போவதில்லை. பிள்ளையின் விருப்பையும் அவை சமைக்கின்றன.

பிறந்த பிறகு இந்தப் பாடம் வேகமெடுக்கிறது. ஒரு வாரக் குழந்தை தன் தாயின் பால்பட்ட துணியை வேறொரு தாயின் துணியிலிருந்து பிரித்தறிந்து திரும்பும் என்று 1975இலேயே இங்கிலாந்தில் எய்டன் மக்ஃபார்லேன் காட்டிவிட்டார். நம் ஊரில் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, தலை துவட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவார்கள். குளித்த களைப்பு, பால், மடிச்சூடு, புகை, அதன் பின் ஆழ்ந்த தூக்கம். இந்த வரிசை நாள் தவறாமல் நடக்கும்போது புகையும் சுகமும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். சாம்பிராணிப் பிசினில் வெனிலினும் சிறிதளவு உண்டு. பிறவி விருப்பமும் வளர்ப்பு விருப்பமும் ஒரே புகையில் சேர்கின்றன. (கண்ணும் மூச்சும் எரியும் அளவுக்குப் புகை காட்டுவது பிஞ்சு நுரையீரலுக்கு நல்லதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

வளர்ப்பு விருப்பம் எவ்வளவு வலுவானது என்பதற்கு விண்டர்கிரீன் கதை நல்ல சாட்சி. மெத்தில் சாலிசிலேட் என்ற பொருளின் மணம் அது. ஊட்டிக் கடைத்தெருவில் நீலகிரித் தைலத்துக்குப் பக்கத்தில் விண்டர்கிரீன் தைலமும் விற்பார்கள். வலிக்குத் தடவும் களிம்புகள் பலவற்றில் அது இருக்கிறது. 1960களில் பிரிட்டனில் நடந்த ஆய்வில் மக்கள் மிக வெறுத்த மணங்களில் ஒன்றாக அது வந்தது. 1970களில் அமெரிக்காவில் கேட்டபோது மிக விரும்பிய மணங்களில் ஒன்றாக வந்தது. பிரிட்டனில் அந்தத் தலைமுறை அதை அறிந்தது போர்க்கால மருந்தாக. வலியோடும் நோயோடும் சேர்ந்து வந்த நெடி. அமெரிக்கர்கள் அறிந்தது மிட்டாயாக, சூயிங்கமாக. மூலக்கூறும் ஒன்று, மூக்கின் அமைப்பும் ஒன்று. நம் வீடுகளில் இதே மணம் இரவில் பாட்டியின் முழங்காலில் தேய்த்த களிம்பின் மணம். பாட்டியோடு படுத்துத் தூங்கிய பேரப்பிள்ளைக்கு அது மருந்துமில்லை, மிட்டாயுமில்லை, பாட்டி.

பெயரே போதும், தீர்ப்பு மாறிவிடும். அமெரிக்க உளவியலாளர் ரேச்சல் ஹெர்ஸ் 2001இல் ஐசோவாலரிக் அமிலமும் பியூட்டிரிக் அமிலமும் கலந்த ஒரே கலவையை, ஒரு தடவை பார்மேசான் பாலாடைக்கட்டி என்றும், இன்னொரு தடவை வாந்தி என்றும் சொல்லி அதே ஆட்களிடம் முகரக் கொடுத்தார். முதல் தடவை ரசித்தவர்கள் அடுத்த தடவை குமட்டினார்கள். இரண்டும் ஒன்றேதான் என்று சொல்லியும் சிலர் நம்பவில்லை. 2005இல் ஆக்ஸ்ஃபோர்டில் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, வெறும் பேச்சளவில் மாறுவது இல்லை இது என்று தெரிந்தது. காட்டிய சொல் மாறியதும், நெற்றிக்குப் பின்னால் இனிமையை எடைபோடும் மூளைப்பகுதியின் வேலையும் மாறியது. இதைப் படித்ததும் எனக்குப் பெருங்காயம்தான் நினைவுக்கு வந்தது. கட்டிப் பெருங்காயத்தைப் பழக்கமில்லாத ஒருவர் கையில் கொடுத்தால் தூர எறிவார். கந்தகச் சேர்மங்களின் முடைநாற்றம் அது. நமக்கோ டப்பாவைத் திறந்த கணமே சாம்பாரும் ரசமும் மனத்தில் கொதிக்கத் தொடங்குகின்றன. நம் மூக்கு அந்தச் சேர்மங்களை உணராமல் விடவில்லை. உணர்ந்ததற்கு வேறு பொருள் கொடுக்கக் கற்றிருக்கிறது.

மழைமணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காய்ந்த மண்ணில் முதல் மழை விழும்போது எழும் மணத்தை ஆஸ்திரேலியாவின் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் ஆராய்ந்து 1964இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். வறண்ட காலத்தில் பாறையும் மண்ணும் உறிஞ்சிவைத்த எண்ணெய்ப் பொருள்கள் ஈரம் பட்டதும் வெளியேறுகின்றன என்பது அவர்கள் கண்டது. உத்தரப்பிரதேசத்தில் அத்தர் வடிப்பவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இந்த மணத்தைப் பிடித்து வைக்கக் கற்றிருந்தார்கள். கன்னோஜில் இன்றும் சுட்ட களிமண் வில்லைகளைச் செப்புக் கொப்பரையில் போட்டு நீராவியில் வடித்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். மழைமணத்தின் இன்னொரு பெரும்பங்கு ஜியோஸ்மின். மண்ணிலுள்ள ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. மழைத்துளி மண்ணில் மோதும்போது துளிக்கு அடியில் காற்றுக் குமிழிகள் சிக்கி, மேலெழுந்து வெடித்து, நுண்திவலைகளைக் காற்றில் தூவுகின்றன. 2015இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் இதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். லட்சம் கோடிப் பங்கில் ஒரு சில பங்கு இருந்தாலே மனித மூக்கு ஜியோஸ்மினைக் கண்டுகொள்ளும்.

இத்தனை கூர்மையாக நாம் உணரும் இந்த மணம் நல்லதா, கெட்டதா? பழ ஈயைக் கேட்டால் கெட்டது. அதற்கு ஜியோஸ்மினுக்கென்றே தனி ஏற்பி, தனி நரம்புப் பாதை. முகர்ந்ததும் தின்பதை நிறுத்தும், முட்டையிடாது. நச்சுப் பூஞ்சை படிந்த பழத்தின் அறிகுறி அதற்கு அது. 2012இல் இதைக் கண்டறிந்தார்கள். மண்ணில் வாழும் ஸ்பிரிங்டெயில் என்ற நுண்பூச்சிக்கோ அது விருந்துக்கான அழைப்பு. மனிதருக்கு? கோடையில் வெந்து கிடந்த ஊரில் முதல் மழை விழும்போது வாசலுக்கு ஓடிவந்து மூச்சை இழுத்து விடுகிறோம். அதே ஜியோஸ்மின் குழாய்த் தண்ணீரில் வந்தால் குடிநீர் வாரியத்துக்குப் புகார் எழுதுகிறோம். ஏரிக் கெண்டையில் இருந்தால் சேற்று வாடை என்று ஒதுக்குகிறோம். கெண்டையைப் புளிக்கரைசலில் ஊறவைத்துக் கழுவும் பெண்கள் வேதியியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் அமிலத்தில் ஜியோஸ்மின் சிதைந்து மணமிழக்கும் என்பது வேதியியல். மண்ணில் இருக்கவேண்டியது மண்ணில் இருந்தால் மகிழ்ச்சி, தட்டில் வந்தால் வெறுப்பு. இடம் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறது மூளை.

எழுதியதை எளிதில் அழிப்பதும் இல்லை. ஸ்டாக்ஹோமில் 2006இல் முதியவர்களிடம் சொல், படம், மணம் மூன்றையும் தனித்தனியே கொடுத்து என்ன நினைவு வருகிறது என்று கேட்டார்கள். சொல்லும் படமும் எழுப்பியவை பெரும்பாலும் பதின்வயது, இளமைக்கால நினைவுகள். மணம் எழுப்பியவை பத்து வயதுக்கு முந்தையவை. மணம் எழுப்பும் நினைவு மற்றவற்றைவிடத் துல்லியமானது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை என்று ரேச்சல் ஹெர்ஸின் ஆய்வுகள் காட்டுகின்றன. விவரத்தில் அது மற்ற நினைவுகளை விஞ்சுவதில்லை, உணர்ச்சியில் விஞ்சுகிறது. புதுப் புத்தகத்தின் மணத்தில் நெஞ்சு நிறைகிறதே தவிர, அது எந்த வகுப்பு, எந்த ஆசிரியர் என்பது பலருக்கும் தெளிவாக வருவதில்லை.

இன்பத்தை இப்படிப் பிடித்து வைக்கும் அதே பிடி, துன்பத்தையும் வைக்கிறது. சிகாகோ அருகிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வென் லீ, ஜே காட்ஃபிரீட் குழுவினர் 2008இல் செய்த சோதனை என்னை மிகவும் பாதித்தது. கண்ணாடிப் பிம்பம்போல இடவலம் மட்டும் மாறிய இரண்டு மூலக்கூறுகளை எடுத்தார்கள். முகர்ந்து பார்த்தவர்களால் இரண்டையும் பிரித்தறியவே முடியவில்லை. பிறகு ஒன்றை முகரும்போது மட்டும் காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். சில முறை நடந்ததும், அதுவரை ஒன்றாகவே மணந்த இரண்டும் அவர்களுக்கு வேறுவேறாக மணக்கத் தொடங்கின. அச்சம், மூக்கின் கூர்மையையே மாற்றிவிட்டது. வியட்நாம் போரிலிருந்து திரும்பி மன அதிர்ச்சி நோய்க்கு ஆளான வீரர்களில் சிலரை டீசல் வாடை மீண்டும் போர்க்களத்துக்கு இழுத்துச் சென்றதை அமெரிக்க மனநல மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் குடும்பங்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. சிறுவயதில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த ஒருவருக்கு, ரோஜா மாலையும் ஊதுபத்தியும் கலந்த மணம் அந்த நாளைத் திருப்பிக் கொண்டுவரும். கோயிலிலோ கல்யாண வீட்டிலோ அவர் சட்டென்று வெளியே போய் நின்றால், ஏன் என்று துருவாமல் விட்டுவிடுவது நல்லது. அவருக்கே காரணம் புரிவதற்கு முன்னால் உடம்பு எழுந்து போயிருக்கும்.

மூக்கை நாம் எவ்வளவு சார்ந்திருக்கிறோம் என்பதை உலகத்துக்குக் காட்டியது கொரோனா. மணம் தெரியாமல் போனவர்கள், சாப்பாட்டில் ருசியில்லை என்பதோடு நிற்கவில்லை. பெற்ற பிள்ளையை அணைத்தாலும் அருகில் இல்லாததுபோல இருக்கிறது, வீடு அந்நியமாகிவிட்டது என்றார்கள். முகர்வை இழந்தவர்களிடம் மனச்சோர்வு அதிகம் காணப்படுவதை மருத்துவர்கள் முன்பே அறிவார்கள். அதைவிடக் கொடியது மணம் திரிந்து வருவது. அழிந்த நரம்புச் செல்கள் மறுபடி முளைத்து இழை நீட்டும்போது இணைப்புகள் பழையபடி அமையாமல் போவது இதற்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. காபி, வதங்கும் வெங்காயம், பூண்டு, பொரிக்கும் கோழி ஆகியவை அழுகல்போல, சாக்கடைபோல மணக்கும். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஜேன் பார்க்கர் குழுவினர் காபியின் ஆவியைப் பொருள் பொருளாகப் பிரித்து இந்த நோயாளிகளிடம் முகரக் கொடுத்து, 2022இல் முக்கியக் குற்றவாளியைச் சொன்னார்கள்: 2-ஃபியூரன்மெத்தேன்தயோல். மற்றவர்களுக்குக் காபியின் உயிர்மணமே அதுதான். காலையில் டிகாக்‌ஷன் இறங்கும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் அந்த மணம் குமட்டல். காபியில் எதுவும் மாறவில்லை.

இங்கே நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் 2009இல் ஓர் எளிய பயிற்சியை வெளியிட்டார். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களைக் காலையும் இரவும் சில நொடிகள் கவனம் வைத்து முகர வேண்டும், பன்னிரண்டு வாரம். பலருக்கு உணர்திறன் கூடியது. இன்று உலகெங்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கிறார்கள். நான்கும் நம் வீட்டிலும் மளிகைக் கடையிலும் கிடைப்பவை. மணம் தெரியவில்லை என்று வீட்டில் யாராவது வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால், அது சின்ன விஷயம் என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கடைசியாக மீன். கடல்மீனின் உடலில் ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. உப்புநீரில் வாழ உதவும் அதற்கு மணமில்லை. மீன் செத்தபின் பாக்டீரியாக்கள் அதை ட்ரைமெத்திலமீனாக மாற்றும்போதுதான் கவுச்சி எழுகிறது. குழம்பில் ஊற்றும் புளி இந்த அமீனை உப்பாக மாற்றி ஆவியாகாமல் கட்டிப்போடுகிறது. இந்த மணத்தைப் பற்றி 2020இல் ஐஸ்லாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்ததில், டார்5 என்ற ஏற்பியின் மரபணு மாறியிருந்த மிகச் சிலருக்கு மீன்வாடை உறைக்கவில்லை. அவர்களில் சிலர் அதை உருளைக்கிழங்கு, கேரமல் என்றுகூடச் சொன்னார்கள். ஒரேயொரு மரபணுவில் ஒரு சிறு மாற்றம், அவ்வளவுதான்.

2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய ஒரு மூதாட்டியை, வாடை அடிக்கிறது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்டு அழுத காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார், பேருந்து ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். நடவடிக்கை சரிதான். ஆனால் அந்தப் பேருந்தில் இருந்தது ஓட்டுநரும் நடத்துநரும் மட்டுமா? மீன்காரர், தோல் பதனிடுபவர், சாக்கடை அள்ளுபவர் என்று உழைப்பின் வாடையை ஆளின் தரமாக்கி, வாடையைச் சாதியாக்கிப் பழகிய சமூகம் இது. நாக்கில் நீர் ஊற மீன் குழம்பு சாப்பிடுகிறவர்களே மீன்கூடையைக் கண்டதும் மூக்கைப் பொத்துகிறார்கள் என்றால், அங்கே பேசுவது ட்ரைமெத்திலமீன் இல்லை. இத்தாலிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2003இல் கண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அருவருப்பான வாடையை முகரும்போது மூளையின் இன்சுலாவில் எந்த இடம் இயங்குகிறதோ, அதே இடம் இன்னொருவர் முகம் சுளிப்பதைப் பார்க்கும்போதும் இயங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அருவருப்பைக் கற்றுக்கொடுக்க வாடைகூடத் தேவையில்லை. நம் முகம் போதும்.

மூக்கின் ஏற்பிகளும் மூளையும் தொடர்ந்து வரும் மணத்துக்குச் சில நிமிடங்களில் பழகி ஓய்ந்துவிடுகின்றன. நம் வீட்டின் மணம் நமக்குத் தெரியாமல் இருப்பது அதனால்தான். பேருந்தில் மீன்கூடையோடு ஒருவர் ஏறினால் முகத்தைத் திருப்பாமல் இரண்டு நிறுத்தம் பொறுத்திருங்கள், மூக்கு பழகிவிடும்.